வெளிநாட்டுக் கடன் லயத்து வாசல் வரை வந்ததா?

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் வாரத்தில் மூன்று நாள் பெருநிலத்தில் உள்ள பத்து கவான் ஊரிலிருந்து தீவில் உள்ள பத்து மாவுங் ஊர் வரை மலேசியாவின் பினாங்கு இரண்டாம் பாலத்தைக் கடக்கிறவன் நான். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அதற்குச் செலவான பணத்தில் 800 மில்லியன் அமெரிக்க டாலர் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த கடன். பாலம் வந்த பிறகு பத்து கவானின் முகமே மாறிவிட்டது; தொழிற்சாலைகளும் பெருங்கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன. அந்த இடம் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்ததையும், அங்கே நம் தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்ததையும் இன்று அங்கே வேலைக்கு வருகிற இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நினைப்போடுதான் 2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ஸ்பெயினின் செவீயா நகரில் ஐக்கிய நாடுகள் நிறுவனம் நடத்திய வளர்ச்சி நிதி மாநாட்டுச் செய்திகளை வாசித்தேன். வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 டிரில்லியன் டாலர் பற்றாக்குறை இருப்பதாக அங்கே பேசப்பட்டது. அதே வேளையில் பணக்கார நாடுகள் தரும் அதிகாரபூர்வ உதவி 2024-இல் 7.1 விழுக்காடு சரிந்து 212.1 பில்லியன் டாலராகிவிட்டது. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டைத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுப்பேரவை 1970-இலேயே தீர்மானம் போட்டது. 2024-இல் வந்து சேர்ந்தது 0.33 விழுக்காடு.

என் கேள்வி தொகையைப் பற்றியதன்று. வெளியிலிருந்து வரும் பணம் நம் நாட்டில் வறுமையைக் குறைத்ததா, அல்லது ஏற்கெனவே கையில் எதையோ வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்ததா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

செந்தூல் கணக்கர் எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. ஆனால் உதவி, கடன் என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அவற்றைப் பிரித்துவைத்துக்கொண்டால்தான் பேச்சு நகரும்.

உலக வங்கி என்று நாம் சொல்வது ஒரே பெட்டியன்று. 1944-இல் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகள் கூடி உருவாக்கிய வங்கி, உறுப்பு நாடுகளின் உத்தரவாதத்தைக் காட்டிப் பன்னாட்டுச் சந்தையில் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, தனக்கு ஆகும் வட்டியோடு சிறிது கூட்டி நடுத்தர வருமான நாடுகளுக்குக் கடன் தருகிறது. மிக ஏழ்மையான நாடுகளால் அந்த வட்டியையும் தாங்க முடியாது என்பதால், அவற்றுக்குக் கொடையாகவும் மிகக் குறைந்த வட்டியிலும் தருவதற்கென 1960-இல் அனைத்துலக மேம்பாட்டுச் சங்கம் தனியே தொடங்கப்பட்டது. முன்னது வங்கித் தொழில். பின்னது பெருமளவுக்குப் பணக்கார நாடுகளின் வரிப்பணம். செவீயாவில் அழுத கண்ணீர் இந்தப் பின்னதற்காக.

அன்றைய மலாயாவுக்கு வந்தது முன்னது. 1954-இல் உலக வங்கியின் குழு ஒன்று இங்கே வந்து ஆராய்ந்து அறிக்கை எழுதியது. சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு, 1958-இல், கேமரன் மலை நீர்மின் திட்டத்திற்கு 35.6 மில்லியன் டாலர் முதல் கடன் கிடைத்தது. கடன் வாங்கியது மின்சார வாரியம். அதற்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. மின்சாரம் விற்ற பணத்தில் கடன் அடையும் என்று வங்கி கணக்குப் பார்த்தது, அடையவும் செய்தது. இதில் ஏழையைப் பற்றி யாரும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. விளக்கு எரிந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் வேலை வரும் என்பதே அன்றைய நம்பிக்கை, அது முழுக்கப் பொய்யும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1970-இல் 49.3 விழுக்காடாக இருந்த வறுமை பிறகு எவ்வளவு இறங்கியது என்பது நம் கண்முன்னே இருக்கிறது.

அலோர் ஸ்டார் கடைக்காரர் மகன் எழுதியது:

கணக்கர் ஐயா மின்சாரத்தைச் சொன்னார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். இப்போது கோலாலம்பூரில் இருந்தாலும் பிறந்து வளர்ந்தது கெடாவில். அப்பா அலோர் ஸ்டாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் பேச்சில் காலம் இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஒரு போக நெல் விளைந்த காலம், இரு போகம் விளைந்த காலம். முடா நீர்ப்பாசனத் திட்டத்திற்கு 1965-இல் உலக வங்கி 45 மில்லியன் டாலர் கடன் கொடுத்தது. முடா, பெடு என்று இரண்டு அணைகள் கட்டி, மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்து இரண்டையும் இணைத்து, கெடாவிலும் பெர்லிஸிலும் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். 1970 முதல் மழையில்லாத பருவத்திலும் நாற்று நட ஆரம்பித்தார்கள்.

நெல் விற்ற பணம் வயலிலேயே நின்றுவிடவில்லை என்பதைக் கடைக்காரர் குடும்பம் நேரிலேயே பார்த்தது. முன்பு அறுவடைக்கு அறுவடை ஆண்டுக்கொருமுறை தீர்த்த கடைக்கடனை இரண்டு முறை தீர்த்தார்கள். சைக்கிள் வாங்கினார்கள், தையல் கடைக்குப் போனார்கள், வீட்டுக்குத் தகரக் கூரை போட்டார்கள். இந்தத் திட்டத்தைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளியலாளர்கள், வேளாண்மையில் நேரடியாக ஈட்டப்பட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) அந்த வட்டாரத்துப் பிற தொழில்களில் சுமார் 80 காசு கூடுதலாகப் பிறந்தது என்று கணித்தார்கள். அந்த 80 காசில் ஒரு துளி எங்கள் பள்ளிக் கட்டணமாயிற்று.

இருந்தாலும் பிறைவாசியின் ஐயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சொந்த நிலம் வைத்திருந்தவருக்கு இரண்டு போகம் இரட்டை வருமானம். குத்தகைக்குப் பயிரிட்டவரிடம், இரண்டு போகம் விளைகிறதே என்று நிலக்காரர்கள் குத்தகையை ஏற்றினார்கள், சிலர் பணத்தை முன்கூட்டியே கேட்டார்கள். நிலமே இல்லாமல் நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்களுக்கு முதல் சில ஆண்டுகள் வேலை இரட்டித்தது. 1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்தபோது அந்த வேலையில் பெரும்பகுதி காணாமற்போயிற்று. தண்ணீர் ஒன்றுதான், கால்வாயும் ஒன்றுதான். ஆனால் மூன்று வீட்டில் மூன்று விதமாக அது பாய்ந்தது.

லயத்துப் பிள்ளை எழுதியது:

மூன்று பதிவுகளையும் இருமுறை வாசித்தேன். மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு எது வந்தது என்று நான் சொல்ல வேண்டும்.

தென் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவன் நான். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் லயத்திலிருந்து அரை மைல் தூரத்தில் இருந்த கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) அரசாங்க மின்கம்பம் வந்து, தார்ச்சாலையும் வந்தபின் பல ஆண்டுகள் வரை எங்களுக்குத் தோட்டத்து இயந்திரம் தரும் வெளிச்சம்தான்; இரவு பத்து மணிக்கு அதையும் நிறுத்திவிடுவார்கள். தேர்வுக்காலத்தில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைப்பார். ஏன் இப்படி என்று தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் ஒருமுறை அப்பா கேட்டதற்கு, இது தனியார் நிலம், அரசாங்கம் உள்ளே வந்து கம்பம் நட முடியாது என்று பதில் கிடைத்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுக்கதையும் அடங்கியிருக்கிறது. ஊரக மேம்பாடு என்ற பெயரில் அரசாங்கம் செலவழித்த பணம், சொந்தப் பணமானாலும் கடன் வாங்கிய பணமானாலும், கம்பத்துக்குப் போகும், புதிய நிலக்குடியேற்றத்துக்குப் போகும். தோட்டம் கணக்கில் கம்பெனியின் சொத்து. தொழிலாளி அங்கே குடியிருப்பவனே தவிர குடியானவன் அல்லன். 1956 ஜூலையில் தொடங்கப்பட்ட அரசாங்க நிலக்குடியேற்ற அமைப்பான பெல்டா ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் என்று காட்டைத் திருத்தி நிலம் கொடுத்தது. பகாங்கின் ஜெங்கா முக்கோணத் திட்டத்துக்கு 1968-இல் உலக வங்கி கடன் கொடுத்தது. எல்லாத் திட்டங்களையும் சேர்த்து 112,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் குடியேறியதாகச் சொல்வார்கள். முதல் திட்டமான லூரா பீலுட்டில் நம்மவர் சிலரும் இருந்தார்கள் என்றாலும், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் ஏழைகளாகத்தான் காட்டுக்குள் போனார்கள். அவர்களுக்குப் பால் வெட்டவும் செம்பனை நடவும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த வேலை மூன்று தலைமுறையாகத் தெரியும், நிலம்தான் இல்லை.

அதற்கு முன்பே, 1950-களிலும் 60-களிலும், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்ற காலத்தில், ஒரே நாளில் வேலையும் வீடும் போன குடும்பங்கள் எத்தனையோ. அப்போது எந்த அனைத்துலக வங்கியும் வரவில்லை. துன் வீ.தி. சம்பந்தன்தான் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் நாமே தோட்டம் வாங்கலாம் என்று சொல்லி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நாள்கூலி மூன்று வெள்ளி பெற்ற மனிதன் மாதம் பத்து வெள்ளி கட்டுவது என்றால் என்ன என்பதை, மாதாந்திரத் தவணையில் கைத்தொலைபேசி வாங்குகிற என் பிள்ளைகளுக்கு விளக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்.

ஆகவே பிறைவாசி அவர்களுக்கு என் பதில்: பணம் நிலப்பட்டா இருக்கும் இடத்தைத் தேடிப் போயிற்று. வேலியின் எந்தப் பக்கத்தில் நம் பாய் விரித்திருக்கிறது என்பதே எங்கள் வறுமையைத் தீர்மானித்தது.

செந்தூல் கணக்கர் எழுதியது:

லயத்துப் பிள்ளை அவர்களின் பதிவுக்கு எதிராக வாதாடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலியை நட்டது வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கி அல்ல. எந்தத் திட்டத்துக்குக் கடன் கேட்பது, யாரைப் பயனாளியாக எழுதுவது என்பதை முடிவு செய்தது நம் அரசாங்கம். 1970 கணக்கில் இந்தியர் வறுமை 39.2 விழுக்காடு என்று அதே அரசாங்கத்தின் புள்ளிவிவரம் சொன்னது. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் தோட்டத்துக்குள் போகச் சட்டத்தில் வழி செய்யாதது உள்நாட்டு அரசியல். கடன் கொடுத்தவனைத் திட்டினால் அந்த அரசியல் தப்பித்துக்கொள்ளும்.

கடன் கொடுத்தவனைத் திட்டுவதற்கு வேறு நல்ல உதாரணம் இருக்கிறது. கிளந்தானின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 234 மில்லியன் பவுன் உதவி கொடுத்தது. அந்நாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரியே, இந்த மின்சாரம் இதைவிட மலிவாகக் கிடைக்கும், இது வீண்செலவு என்று எழுத்தில் மறுப்புத் தெரிவித்தும், அமைச்சர் 1991-இல் ஒப்புதல் கொடுத்தார். காரணம், 1988-இல் மலேசியாவுடன் செய்துகொண்ட ஆயுத விற்பனை உடன்பாட்டோடு அந்த உதவி பின்னியிருந்தது. லண்டன் உயர்நீதிமன்றம் 1994 நவம்பரில் அந்த உதவி சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. வறுமையைக் குறைப்பதற்காகவே உதவி தரப்பட வேண்டும் என்று பிரிட்டன் 2002-இல் சட்டம் இயற்றியதற்கு இந்த அணை ஒரு முக்கியக் காரணம். நம் கிளந்தான் ஆறு ஒன்று அவர்கள் சட்டத்தைத் திருத்தியது என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்னொன்று நாணயம். பிறைவாசி கடக்கும் பாலத்தின் சுங்கம் வெள்ளியில் வசூலாகிறது. வெளிநாட்டுக் கடனோ டாலரில் திரும்ப வேண்டும். 1985 செப்டம்பரில் டாலரின் மதிப்பைக் குறைக்கப் பணக்கார நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாடு ஏற்பட்டபோது டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மதிப்பு, 1987 முடிவுக்குள் 120 யென் அளவுக்கு வந்துவிட்டது. ஜப்பானை முன்மாதிரியாகக் கொண்ட கிழக்கை நோக்கும் கொள்கையின் உற்சாகத்தில் யென்னில் கடன் வாங்கியிருந்த நாம், புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல், டாலர் கணக்கில் இரட்டிப்புக் கடனாளியானோம். குறைந்த வட்டி என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை எழுதியது:

ஆண்கள் எல்லோரும் அணையையும் பாலத்தையுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சிறுகடன் என்று ஒன்றும் இதே வளர்ச்சி நிதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் மலேசியக் கதை நம் பினாங்கில்தான் தொடங்குகிறது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையை இங்கே செய்து பார்க்கலாமா என்று 1986-இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வடமேற்குச் சிலாங்கூரில் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு அது அமானா இக்தியார் என்ற அறக்கட்டளையாயிற்று. ஈடு இல்லை, உத்தரவாதக் கையெழுத்து இல்லை. ஐந்து பெண்கள் சேர்ந்த குழு, வாரந்தோறும் கூட்டம், ஒருவர் தவறினால் மற்றவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற கூச்சமே ஈடு. தமிழ்நாட்டில் 1989-இல் ரோமில் உள்ள அனைத்துலக வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் கடனில் தர்மபுரியில் தொடங்கிய பெண்கள் குழுக்களும் ஏறக்குறைய இதே வழிதான். அங்கே சேமிப்பு முதலில், கடன் பிறகு என்பது முக்கியமான வேறுபாடு.

என் பள்ளி மாணவர்களின் தாய்மார்கள் சிலர் இப்படிக் கடன் வாங்கி முறுக்குச் சுட்டு விற்கிறார்கள், ரவிக்கை தைக்கிறார்கள், பூக்கட்டுகிறார்கள். வாழ்க்கை கொஞ்சம் சீராகிறது. மாதக் கடைசியில் வட்டிக்காரனிடம் போவது குறைகிறது. ஏழ்மையிலிருந்து ஒருவரும் மேலே ஏறிவிடவில்லை. இது என் பள்ளி வாசலில் நின்று பார்த்த கணக்கு மட்டுமே என்று நினைத்திருந்தேன். 2015-இல் ஆறு நாடுகளில் முறைப்படி நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தபோது, அவையும் சிறுகடன் ஓரளவு நன்மை தருகிறது, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்வைப் புரட்டிப்போடுவதில்லை என்றே சொல்லின.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் மிக ஏழ்மையான குடும்பங்களுக்குக் கடன் கொடுக்காமல் ஆடோ மாடோ வேறு ஏதாவது சொத்தோ இலவசமாகக் கொடுத்து, அதை அவசரத்துக்கு விற்றுவிடாதபடி சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து, வீடு தேடிப் போய்ச் சொல்லியும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் வருமானமும் முன்னைவிட மேலாகவே இருந்தன. லயத்துப் பிள்ளை ஐயா பட்டா என்று சொன்னதைத்தான் இவர்கள் மாடு என்று சொல்கிறார்கள் என எனக்குப் படுகிறது.

பிறைவாசி எழுதியது:

ஆசிரியை அம்மா, சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குச் சிறுகடன் எப்படி உதவும் என்றும் சொல்லுங்கள். தொழிற்சாலையில் இரவுப்பணி பார்க்கும் பெண் முறுக்குச் சுட எப்போது நேரம் கண்டுபிடிப்பார்?

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை எழுதியது:

உதவாது, தம்பி. அவருக்கு வேண்டியது சம்பள உயர்வும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவி எழுதியது:

பெரியவர்கள் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். பொருளியல் படிக்கிறேன், இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, சீனக் கடன் என்றவுடன் எல்லோரும் இலங்கையைச் சுட்டிக்காட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியபோது, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்ததைத்தான் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஆனால் அந்நாட்டின் வெளிக்கடனில் சீனாவின் பங்கைவிட அனைத்துலகச் சந்தையில் விற்ற பத்திரங்களின் பங்கே பெரிது. அந்தப் பத்திரங்களுக்கு வட்டி அதிகம், திருப்பித் தரும் காலம் குறைவு; யாரிடம் பேசிக் குறைப்பது என்பதற்கு ஒரு முகவரியும் கிடையாது. நம் அரசாங்கம் 2019 ஏப்ரலில் கிழக்குக் கரை இரயில் திட்டத்தின் செலவை 65.5 பில்லியன் வெள்ளியிலிருந்து 44 பில்லியனுக்குக் குறைத்துப் பேசி முடிக்க முடிந்ததென்றால், எதிரே உட்கார ஓர் ஆள் இருந்ததும் ஒரு காரணம். இன்று உலகில் 330 கோடிக்கும் மேற்பட்ட மக்கள், கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் செலவழிக்கும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டிருக்கிறது.

இரண்டாவது, கணக்கர் ஐயா வறுமை எவ்வளவு இறங்கியது என்பது கண்முன்னே இருக்கிறது என்று எழுதினார். அது எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு மட்டுமே என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த எண்ணை நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் மாதம் 980 வெள்ளியாக இருந்த குடும்ப வறுமைக் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக்கான வறுமை 5.6 விழுக்காடானது. மாதம் 1,500 வெள்ளியில் குடும்பம் நடத்தியவர் பழைய கணக்கில் ஏழை இல்லை, ஆகவே எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் இல்லை. வேலி போலவே கோடும் ஆளை வெளியே நிறுத்தும் என்று எனக்குத் தோன்றியது.

லயத்துப் பிள்ளை ஐயாவிடம் ஒரு கேள்வி: உங்கள் தந்தையார் கூட்டுறவுச் சங்கப் பங்கு வாங்கினாரா? அதனால் உங்கள் குடும்பத்தின் நிலை மாறியதா?

செந்தூல் கணக்கர் எழுதியது:

கோட்டைப் பற்றி மாணவி சொன்னது சரி. கண்முன்னே இருக்கிறது என்று நான் எழுதியது அவசரம்; திருத்திக்கொள்கிறேன். பத்திரக்காரர்களைப் பற்றிச் சொன்னதிலும் பாதி ஒப்புக்கொள்கிறேன். எதிரே ஆள் இருப்பது நன்மை என்றால், அந்த ஆளோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக வங்கியின் கடன் ஆவணத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்து வாசிக்கலாம். நாட்டுக்கு நாடு நேரடியாகக் கொடுக்கும் கடன்களில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை.

லயத்துப் பிள்ளை எழுதியது:

வாங்கினார், மகளே. அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் முதல் சில மாதத் தவணையைக் கட்டினார் என்று பின்னால் தெரிந்தது. ஆண்டுதோறும் இலாப ஈவு வந்தது. பெரிய தொகை இல்லை. பள்ளிச் சீருடைக்கும் புத்தகத்துக்கும் ஆகும், சில ஆண்டுகள் தீபாவளிக்கும் ஆகும். அதனால் எங்கள் நிலை மாறியது என்று சொன்னால் பொய்யாகும். நாங்கள் கடைசிவரை கம்பெனி லயத்தில்தான் இருந்தோம். அந்தத் தோட்டமும் பிறகு வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைப் பேருந்தில் ஏற்றி புக்கிட் சீடிமுக்கு அழைத்துப் போனார். அங்கே எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரமாக ஒரு மணி நேரம் மரங்களுக்கிடையே நடந்தார். ஒரு மரத்தில் கத்தி போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். பட்டையை ஆழமாகச் சீவி மரத்தைக் கெடுக்கிறார்கள், கேட்க ஆளில்லையா, இப்படிச் சீவினால் எத்தனை வருடம் தாங்கும் என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கம்பெனி மரத்தைச் சீவியவர், அதற்கு முன் ஒருநாளும் மரத்துக்காக இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.